ஹாய்யென் என்பது தட்டு விழுந்த சத்தம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் புயல்களுக்குப் பெயர் வைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உபயோகமான விஷயம்தான். ஆனால் நடுவில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கிறீர்கள். சீனர்கள் பிள்ளை பிறந்ததும் ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவார்களாம். டிங், டாங், சுங் என்று என்ன சத்தம் கேட்கிறதோ அதையே பெயராக வைத்துவிடுவார்களாம். இந்த ஜோக் எங்க அப்பா காலத்திலேயே பழசு. படித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பேன். ஆனால் அதற்கு உதாரணமாக 2013-இல் பிலிப்பைன்ஸைப் புரட்டிப் போட்ட 'ஹையான்' புயலின் பெயரைக் காட்டியிருக்கிறீர்கள். ஹையான் என்று நீங்கள் அச்சடித்திருப்பது சீனாவில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயரை ஓர் அப்பா எப்படி வைத்தார் என்று அவர் வாயாலேயே கேட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், பெயர்களில் கை வைக்காதீர்கள்.

நான் ராயபுரத்துக்காரன். செகண்ட் லைன் பீச்சில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். கப்பல் வந்து பெர்த்தில் கட்டியதும் கேங்வே ஏறிப்போய், கேப்டனிடம் கையெழுத்து வாங்கி, க்ரூ லிஸ்டைச் சரிபார்த்து இமிக்ரேஷனில் கொடுக்க வேண்டும். பெல்லாரி, ஹோஸ்பேட்டை பக்கமிருந்து ரயிலில் வந்த இரும்புத்தாது பாரதி டாக்கில் ஏறிச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. (2011-இல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போயின. அதுவரை எங்கள் தெருவில் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி வெள்ளையாகவே வீட்டுக்குள் திரும்பியதில்லை.) சீன மாலுமிகளின் பெயர்களை அடித்து அடித்தே என் டைப்ரைட்டர் தேய்ந்தது என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள்.

மழை பிடித்துக்கொண்டால் லோடிங் நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு நாளில் ஒரு சீஃப் ஆபீசரின் கேபினில் உட்கார்ந்திருந்தேன். மூடி போட்ட கண்ணாடித் தம்ளரில் டீ கொடுத்தார். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, இலை அப்படியே மிதக்கும். பல்லில் மாட்டாமல் குடிக்க ஒரு பழக்கம் வேண்டும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் போட்டோ. மகளா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பெயர் என்ன என்றேன். "ஹாய்யென்" என்றார். நான் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஹையான் என்றுதான் திருப்பிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பழைய க்ரூ லிஸ்ட் ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பிப்போட்டு பேனாவை எடுத்தார்.

முதல் எழுத்து 'ஹாய்'. கடல். இடது ஓரத்தில் மூன்று சின்னக் கீற்று. அது தண்ணீர்த் துளி என்றார். நதி, ஏரி, அலை என்று தண்ணீர் சம்பந்தப்பட்ட எழுத்துகளில் பெரும்பாலும் இந்த மூன்று துளி இடது பக்கம் நிற்குமாம். அடுத்த எழுத்து 'யென்'. நம்மூரில் தகைவிலான் என்கிறோமே, வால் பிளந்த குருவி, அதுதான். அந்த எழுத்தை அவர் அவசரப்படாமல் எழுதினார். பதினாறு கீற்று. மேலே தலை, நடுவில் பெட்டி மாதிரி உடம்பு, இரண்டு பக்கமும் விரித்த சிறகு, கீழே வரிசையாக நான்கு புள்ளி. அந்த நான்கு புள்ளியும் வால். பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், எனக்குப் புரியவில்லையோ என்று. புரிந்தது. எழுத்து என்று பார்த்தால் எழுத்து, குருவி என்று பார்த்தால் குருவி.

இந்த இரண்டும் சேர்ந்தால் கடற்குருவி. ஏன் இந்தப் பெயர் என்று கேட்டதற்கு இரண்டு காரணம் சொன்னார். ஒன்று அவருடைய அப்பாவின் காரணம். பிறந்த வருஷம், மாதம், நாள், நேரம் நான்கையும் வைத்துக் கணக்குப் பார்ப்பது சீன வழக்கம். உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்று ஐந்து பூதங்கள் அவர்களுக்கு. நம் பஞ்சபூதத்தில் இருக்கும் காற்றும் ஆகாயமும் அதில் இல்லை. பேத்தியின் கணக்கில் நீர் குறைகிறது, பெயரில் தண்ணீர் இருக்க வேண்டும் என்றாராம் பெரியவர். இன்னொன்று அப்பனின் காரணம். ருஷ்ய எழுத்தாளர் கார்க்கி 1901-இல் எழுதிய ஒரு கவிதை. கடலில் புயல் மூள்வதை முன்கூட்டியே கூவிச் சொல்லும் பறவையைப் பற்றியது. அதன் சீன மொழிபெயர்ப்புக்குத் தலைப்பே 'ஹாய்யென்'தான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் வந்து ஒரு தலைமுறையே படித்த கவிதை. இவரும் படித்தவர், படித்துவிட்டுக் கப்பலேறியவர். ஆக, பெரியவர் கேட்ட தண்ணீரும் வந்தது, மகன் கேட்ட பறவையும் வந்தது. வீட்டில் சண்டை வரவில்லை. எந்தத் தட்டும் விழவில்லை.

கார்க்கி பெயரைக் கேட்டால் வடசென்னைக்காரனுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. பி அண்ட் சி மில் சங்கமும் துறைமுகத் தொழிற்சங்கமும் வளர்த்த வீடுகளில் லெனின் உண்டு, ஸ்டாலின் உண்டு. 1963-இல் வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போனதைப் பேப்பரில் படித்துவிட்டு மகளுக்கு வாலண்டினா என்று வைத்த தோழர்களும் தமிழ்நாட்டில் உண்டு. திராவிட இயக்க வீடுகளில் தமிழ்ச்செல்வியும் பூங்குழலியும் வந்தார்கள். ஒரு காலத்தின் ஆசை பிள்ளைகளின் பெயரில் வந்து உட்காருவது நமக்குப் புதிதா என்ன? சீனாவில் 1949-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் 'ஜியன்குவோ', அதாவது நாட்டைக் கட்டு என்று பெயர் வைத்த பையன்கள் ஏராளம். பெண்களுக்குச் சிவப்பு என்று பொருள்படும் 'ஹோங்' அப்படி வந்தது. ஹாய்யென்னும் அந்த வரிசையில்தான் வரும். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு அதை அவ்வளவாக வைப்பதில்லை. நம் வீட்டுச் சின்னப் பெண்களில் சரோஜாவும் வசந்தாவும் அகப்படாத மாதிரி.

இனி புயலுக்கு வருகிறேன். வடமேற்குப் பசிபிக் புயல்களுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து 14 உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்துப் பெயர் கொடுத்து 140 பெயர்ப் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாய்யென் சீனா கொடுத்த பெயர். புயலை முன்னறிவிக்கும் பறவையின் பெயரைப் புயலுக்கே வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 2013 நவம்பரில் அந்தப் புயல் பிலிப்பைன்ஸில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களுக்கென்று தனிப் பெயர் வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது 'யோலாண்டா'. அதுவும் பெண் பெயர்தான். அவ்வளவு சாவுக்குப் பிறகு ஹாய்யென்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வெள்ளை மான் என்று பொருள்படும் 'பாய்லு'வைச் சேர்த்தார்கள். உங்கள் கட்டுரையாளர் இதையெல்லாம் எழுதியிருக்கலாம். பெட்டிக்குள் இடம் இருந்தது.

சீனப் பெயர் நமக்கு வெறும் சத்தமாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அங்கே குடும்பப் பெயர்கள் கொஞ்சம்தான். வாங், லீ இரண்டு மட்டுமே தலைக்குப் பத்துக் கோடிப் பேர். அதற்குப் பின்னால் வரும் சொந்தப் பெயர் ஒன்றோ இரண்டோ எழுத்து. ஒரே உச்சரிப்பில் பல எழுத்துகள் இருப்பதால் காதில் விழுந்ததை வைத்துப் பொருள் சொல்ல முடியாது. சீனருக்குச் சீனரே புதிதாக அறிமுகமாகும்போது "எந்த எழுத்து?" என்று கேட்டுக்கொள்கிறார்கள், உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுகிறார்கள். கப்பலில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் நம் முருகன், லட்சுமி மாதிரி காலங்காலமாக வரும் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுத்து வைப்பது அங்கே கட்டாயமில்லை. அகராதியில் உள்ள எந்த எழுத்தையும் எதனோடும் சேர்க்கலாம். ஒவ்வொரு அப்பனும் ஆத்தாளும் ஒரு சின்ன வரியை எழுதியாக வேண்டும்.

அந்த வரிக்குச் சட்டதிட்டம் உண்டு. பல குடும்பங்களில் ஒரு தலைமுறைக்குப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக இருக்கும். பெரும்பாலும் அது ஆண்பிள்ளைகளுக்குத்தான். பெண்களுக்கும் வைத்த வீடுகள் உண்டு. சோங் குடும்பத்துச் சகோதரிகளை வயதான வாசகர்கள் அறிந்திருப்பார்கள்: ஆய்லிங், சிங்லிங், மெய்லிங். மூன்றிலும் கடைசி எழுத்து ஒன்றே. வயது, ஆயுள் என்று பொருள். நடுப் பெண், சீனக் குடியரசை நிறுவிய சன் யாட் சென்னின் மனைவி. கடைசிப் பெண் 1942-இல், அப்போது சீனத் தலைவராக இருந்த கணவர் சியாங் காய் ஷேக்கோடு இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தவர்.

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நமக்கு மரியாதை. அங்கே அது மகா அவமரியாதை. பெரியவர்களின் பெயரில் உள்ள எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்பது பழைய நியதி. நிலவுக்குப் போகும் சீன விண்கலத்துக்குச் 'சாங்-அ' என்று பெயர் என்று உங்கள் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. சாங்-அ நிலாவில் வாழும் தேவதை. ஆதியில் அவள் பெயர் 'ஹெங்-அ'. ஹான் வம்சத்தில் ஒரு பேரரசர் பெயர் லியூ ஹெங். அரசன் பெயரைத் தேவதை வைத்திருக்கலாமா என்று தேவதையின் பெயரை மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்று சொன்னால் நம்மவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பார்கள். பிச்சை என்று வைப்பார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்கத்தான். சீனக் கிராமங்களில் அதே காரணத்துக்காக 'கோஷெங்' என்று வைப்பதுண்டு. நாய் தின்று மிச்சம் வைத்தது என்று பொருள்.

பெண் பெயர் என்று வந்துவிட்டால் 'ஜாவ்தி'யைச் சொல்லாமல் முடியாது. 'தி' என்றால் தம்பி. 'ஜாவ்' என்றால் கையசைத்துக் கூப்பிடுவது. தம்பியைக் கூப்பிடு என்று மகளுக்குப் பெயர். 'பன்தி' என்றால் தம்பிக்காக ஏங்குவது. 'லாய்தி' என்றால் தம்பி வரட்டும். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் வருகை சொல்லும்போதும், வேலைக்கு விண்ணப்பம் போடும்போதும், கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும் தனக்குப் பின்னால் வர வேண்டியவனின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைக் கொள்கை இருந்த நாட்டில், பல மாகாணங்களின் கிராமப்புறங்களில் முதலாவது பெண்ணாக இருந்தால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். அந்தச் சலுகையில் என்ன எதிர்பார்ப்பு இருந்தது என்பதை அந்த மூத்த பெண்ணின் பெயர் சொல்லிவிடும். படித்து நகரத்துக்கு வந்ததும் இந்தப் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "பாவம் சீனப் பெண்கள்" என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். போதும்பொண்ணு என்ற பெயரில் எனக்கே ஒரு அத்தை இருந்தார். ஐந்தாவது பெண். தண்டையார்பேட்டை ரேஷன் கடையில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அத்தை முகத்தை வைத்துக்கொள்ளும் விதத்தை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வார். நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியை ஒட்டிய கிராமத்தில் 'வேண்டாம்' என்றே பெண்களுக்குப் பெயர் வைத்திருப்பதை 2019-இல் பத்திரிகைகள் எழுதின. அத்தைக்கும் ஜாவ்திக்கும் நடுவில் ஒரு கடல்தான் வித்தியாசம். இந்தச் செய்தியை உங்கள் பெட்டிக்குள் போட்டிருந்தால் கத்தரித்து வைத்திருப்பேன்.

அடுத்து, உங்கள் விளையாட்டுப் பக்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்.

சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். நமக்கு இதில் குழப்பமே வரக்கூடாது. நாமும் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால்தானே போடுகிறோம். ஆர். வைஷாலி என்று நாம் எழுதுவதை வெளிநாட்டுக்காரர்கள் திருப்பிப் போட்டு, 'ரமேஷ்பாபு' என்று அவருடைய அப்பாவைச் செஸ் போர்டுக்கு முன்னால் உட்கார வைக்கும்போது எவ்வளவு எரிச்சல் வருகிறது! அதையே நாம் சீனப் பெண்களுக்குச் செய்கிறோம். 2018-இலிருந்து மகளிர் உலகச் செஸ் சாம்பியனாக இருக்கும் ஜூ வென்ஜுன்னை ஒரு நாள் 'வென்ஜுன் ஜூ', ஒரு நாள் வெறும் 'ஜூ', ஒரு நாள் 'ஜுன்' என்று போடுகிறீர்கள். கடைசியது அவர் பெயரில் பாதி. 'வென்' என்றால் எழுத்து, கல்வி. 'ஜுன்' பெரியோரைக் குறிக்கும் மரியாதைச் சொல். இரண்டும் சேர்ந்த வென்ஜுன், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரும்கூட. சூவோ வென்ஜுன், பணக்கார வீட்டு இளம் விதவை. விருந்துக்கு வந்த ஏழைக் கவிஞன் யாழ் மாதிரி ஒன்றை மீட்டக் கேட்டு, அன்றிரவே அவனோடு போய்விட்டாள். கையில் காசில்லை. சொந்த ஊரில், அப்பன் கண்ணெதிரே ஒரு மதுக்கடை போட்டு, தானே நின்று ஊற்றிக் கொடுத்தாள். மானம் தாங்காமல் அப்பன் இறங்கி வந்து சொத்தைக் கொடுத்தார். கொஞ்சம் படித்த சீனர் காதில் வென்ஜுன் என்று விழுந்தால் இந்தக் கதை நினைவுக்கு வரும். 'ஜுன்' என்று வெட்டினால் கதையும் போச்சு, கல்வியும் போச்சு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டென்னிஸ் தங்கம் வாங்கிய பெண்ணையும் கவனியுங்கள். நீங்கள் 'குயின்வென்' என்று அச்சடித்தீர்கள். ஆங்கிலத்தில் க்யூ எழுத்தைப் பார்த்து வந்த வினை. சீனர்கள் தங்கள் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுத 1958-இல் 'பின்யின்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் க்யூ என்பது ஏறக்குறைய நம் 'ச்' சத்தம். எக்ஸ் என்பது 'ஷ்' பக்கம் போகும். ஆகவே அவர் ஜெங் சின்வென். அங்கேயும் அதே 'வென்'. 'சின்' என்றால் மதித்துப் போற்றுவது. ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொள்ளாவிட்டால் தமிழில் சீனப் பெயரை எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. ச, ஷ, ஜ மூன்றும் நம்மிடம் இருக்கின்றன.

கல்யாணமானாலும் சீனப் பெண் பெயரை மாற்றுவதில்லை. லீ நா 2011-இல் பிரெஞ்சு ஓப்பன் வென்றபோது கல்யாணமானவர். கணவர் பெயர் ஜியாங் ஷான். அவர் கடைசிவரை லீ நாதான். இது தெரியாமல் எங்கள் தொழிலில் அவதிப்பட்டிருக்கிறோம். ஒருமுறை வயிற்று வலியோடு இறக்கிவிடப்பட்ட சீன மாலுமி ஒருவரை ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் மனைவி பெயரும் மகள் பெயரும் எழுதியிருந்தது. மகளுக்கு அப்பாவின் குடும்பப் பெயர், மனைவிக்கு அவளுடைய அப்பாவின் குடும்பப் பெயர். கவுன்டரில் இருந்தவர் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று பிடித்துக்கொண்டார். உங்கள் மனைவி இனிஷியலும் உங்கள் இனிஷியலும் ஒன்றா என்று நான் கேட்ட பிறகுதான் ஃபைலை வாங்கினார்.

இரண்டு சொல்லில் முழுப் பெயரையும் போடுங்கள், முன்பின் மாற்றாமல் போடுங்கள். கேட்பது இவ்வளவுதான். தலைப்பில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். பிரக்ஞானந்தாவுக்கு இடம் கண்டுபிடித்தவர்கள் நீங்கள்.

கடைசியாக, அதே கட்டுரையில் ஒரு தகவல் பிழை. 2016 டிசம்பர் 12 அன்று எங்களைப் போட்டுப் பார்த்த வர்தா புயலுக்கு இந்தியா பெயர் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அது பாகிஸ்தான் கொடுத்த பெயர், ரோஜா என்று பொருள். திருத்தம் வெளியிட்டால் ஹாய்யென்னையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கே. ஆர்.,
ராயபுரம், சென்னை - 13